தையல் இல்லாத முகமூடி

இயக்குநர் மகுடபதி ஒரு வார்த்தை சொன்னால் படப்பிடிப்புத் தளமே தலையாட்டும். படக்கதைப் புத்தக வீரனின் கறுப்பு முகமூடியைப் பாதி தைத்து எடுத்து வந்த தையல்காரி வடிவிடம் அவர் எகிறினார்.

"புத்தகத்துல முகமூடிக்குத் தையலே கிடையாது. ஒரு தையல் தெரிஞ்சாலும் உன் வேலை போச்சு!"

வடிவு அந்தப் படக்கதையைப் புரட்டினாள். "தையல் ஏன் இல்லைன்னும் இதுல போட்டிருக்கு சார். செய்யச் சொன்னவரே முதல்ல மாட்டிப் பாத்தாராம். அது முகத்தோட ஒட்டி, தோலாவே ஆயிடுச்சாம். புத்தகத்துல உள்ளபடியே வேணும்னா நீங்கதான் மாட்டணும்."

அவள் நீட்டிய முகமூடியின் கன்னம் லேசாக உப்பி அடங்கியது. தளத்தில் காற்றே இல்லை.

மகுடபதி பின்னால் நகர்ந்தார். "கதை வேற, படம் வேறம்மா. தையல் இருக்கட்டும்."

அவள் வேலை தப்பியது. மீதித் தையலைப் போட வடிவு ஊசியை இறக்கினாள். வலித்ததுபோல் முகமூடி "ஸ்ஸ்" என்றது.