என்னைய ரெண்டு தடவ கொன்ன பொண்ணு

கொன்னவதான். நான் எங்க இல்லேன்னேன்?

ஒரு தடவ இல்ல புனிதா, ரெண்டு தடவ. ரெண்டு தடவயும் அவ ஊசி போட்டுத்தான் செத்தேன். அதுக்குன்னு வேற நர்ஸ மாத்தச் சொல்லுன்னா எப்படி? இந்த ஆஸ்பத்திரியில சேந்த அன்னிக்கே அவதான் வேணும்னு கேட்டு வாங்கினவ நான்.

முழிக்காத. எதுத்த வீட்டுக்காரியாச்சேன்னு பாக்க வந்திருக்க, ஆரஞ்சு வேற வாங்கிட்டு வந்திருக்க, சந்தோஷம். உக்காரு. அந்தப் பொண்ணு வெளிய டாக்டர்கிட்ட போன்ல பேசிக்கிட்டிருக்கு. என் கால் புண்ணுக்கு இன்னிலேருந்து புது ஊசி. அது வர்றதுக்குள்ள சொல்லிடறேன். கேட்டுட்டு அப்புறம் பயப்படு.

நம்ம பஸ் ஸ்டாண்டு பின்னாடி நர்சிங் காலேஜ் இருக்குல்ல? அங்க நோயாளியா நடிக்க ஆள் தேடினாங்க. பொம்மை வச்சிருக்காங்க. ஆனா பொம்மை முனகாதுல்ல?

"முனகத் தெரியுமா பாட்டி?"ன்னு கேட்டாங்க.

என் ஓரகத்தி ஒருத்தி இருந்தா. விருந்தாளி வந்தா அவளுக்கு இடுப்பு வலி வந்துடும். ரூம்ல படுத்துக்கிட்டு அப்படி முனகுவா. நான் ஒத்தையாளா பாத்திரம் எல்லாம் துலக்கிக் கவுத்துவேன். கவுத்த சத்தம் கேட்டதும் வலி நின்னுடும். அந்த முனகல அப்படியே போட்டுக் காட்டினேன்.

அன்னிக்கே சேத்துக்கிட்டாங்க.

கட்டில்ல படுக்கணும். என் கை போர்வைக்குள்ள. வெளிய ஒரு ரப்பர் கை கிடக்கும். ஊசி, டிரிப்ஸ் எல்லாம் அதுக்குத்தான். மருந்தும் வெறும் தண்ணிதான். தலைமாட்டுல டிவி மாதிரி ஒண்ணு. என் நெஞ்சு துடிக்கிற மாதிரி அதுல கோடு ஏறி இறங்கி ஓடும். எல்லாம் நடிப்பு.

இந்த நர்ஸ் பொண்ணு இலக்கியா அப்ப அங்க ரெண்டாம் வருஷம். என்னைய மாதிரி ஆள வச்சு நடத்துற பரீட்சையில தேறினாத்தான் வார்டுக்கு விடுவாங்க, நெசமான நோயாளிங்ககிட்ட. இல்லேன்னா ஜூனியர் பிள்ளைங்களோட மறுபடி ஒரு வருஷம். அவங்கப்பா வேற, தெருவுல யாருக்குக் காய்ச்சல்னாலும் "எம்பொண்ணு இருக்கா"ன்னு சொல்லி வச்சுட்டாரு.

டீச்சர் பேரு சாந்தசீலி. மேடம் அதிகம் பேச மாட்டாங்க. நான் ஒரு நாள் பேசுறத வச்சு அவங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஓட்டிடலாம்.

மொத பரீட்சை.

நான் முனகிக்கிட்டுக் கிடக்கேன். கட்டில் பக்கத்துல ஒரு ஸ்க்ரீன். அதுல மேடம் முகம் வந்துச்சு. அதே கண்ணாடி. அதே கரகர குரல்.

"இலக்கியா, பாட்டிக்கு பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. பாட்டில்ல கலக்க நேரமில்ல. நேரா நரம்புல போடு."

"சரிங்க மேடம்."

போட்டா.

ஏறி இறங்கி ஓடின கோடு படுத்துடுச்சு. கூன்னு ஒரே சத்தம். அந்தச் சத்தம் வந்தா நான் கண்ண மூடி வாயத் திறந்து வச்சுக்கணும். அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தாங்க. வச்சுக்கிட்டேன்.

அந்த மருந்த பாட்டில்ல கலந்து சொட்டுச் சொட்டாத்தான் இறக்கணுமாம். நேரா ஏத்தினா நெஞ்சு அங்கேயே நின்னுடுமாம். மொத வருஷத்துலயே படிச்சதுதானாம்.

அப்பக் கதவு திறந்துச்சு. கையில டீ கிளாஸோட சாந்தசீலி மேடம் உள்ள வர்றாங்க.

ஸ்க்ரீன்லயும் மேடம். "சீக்கிரம், சீக்கிரம்"னு சொல்லிக்கிட்டே இருக்காங்க.

செத்த பொணம், எந்திரிச்சு உக்காந்துட்டேன்.

"படுங்க பாட்டி," மேடம் சொன்னாங்க. "செத்துட்டீங்க."

படுத்தேன்.

இலக்கியா அந்த முகத்தப் பாக்குறா, இந்த முகத்தப் பாக்குறா.

"மேடம்... அது யாரு?"

"யாருமில்ல. கம்ப்யூட்டர்."

"உங்க முகம்."

"முகம் என்னுது. சொன்னது நான் இல்ல."

டீப்ஃபேக்காம் அதுக்குப் பேரு. மேடமே உக்காந்து செஞ்சிருக்காங்க.

"ஏமாத்திட்டீங்க மேடம்! டீச்சரே இப்படிப் பொய் வீடியோ பண்ணலாமா?"

"அடுத்தவங்க முகத்துல பண்ணக் கூடாது. அதான் என் முகத்துல பண்ணினேன்."

"பொய்யின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மேடம் ஒரு மடக்கு டீ குடிச்சாங்க.

"பாட்டி முகத்த மூடு."

போர்வைய இழுத்து என் முகத்து மேல போட்டா. நடிப்புதான். ஆனாலும் அந்த இருட்டுல எனக்கு மூச்சு முட்டிடுச்சு.

அவளத் திட்டாத. நீயும் நானும் என்ன ஒழுங்கு?

என் தங்கச்சி பேத்தி கல்யாணத்துக்கு வந்தியே, மறந்துட்டியா? தாலி கட்டினதும் பெரிய திரையில பொண்ணோட அப்பா வந்தாரு. செத்துப்போன மனுசன். பட்டுச் சட்டையோட. "என் அன்பு மகளே, மாப்பிள்ளை தங்கமானவரு, நீ நல்லா இருக்கணும்"னு கையத் தூக்கினாரு. மண்டபமே அழுதுச்சு. நீ மூக்கு சிந்தினது என் முந்தானையில.

பாயசத்துல கை வச்சப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்த ஆளு உசுரோட இருந்தப்ப மகள "ஏய் எருமை"ன்னுதான் கூப்பிடுவாரு. பாசமாத்தான். ஆனா எருமைதான். அதுவுமில்லாம, இந்த மாப்பிள்ளை வேணவே வேணாம்னு சொல்லிட்டுச் செத்தவரு.

ஒருத்தராவது வாயத் திறந்தோமா? முகத்தப் பாத்தோம், அழுதோம், சாப்பிட்டோம், தாம்பூலப் பை வாங்கிட்டு வந்தோம்.

சரி, எங்க விட்டேன்? போர்வை.

மறுநாள் இலக்கியா மேடம் ரூம் வாசல்ல நிக்கிறா.

"இன்னொரு தடவ பரீட்சை வைங்க மேடம். இனிமே ஏமாற மாட்டேன்."

"எப்படி?"

"பொய் வீடியோவக் கண்டுபிடிக்கக் கத்துக்கறேன்."

"கத்துக்க."



அவளும் கத்துக்கிட்டா பாரு! சாப்பிடும்போதும் வீடியோ, பஸ்ஸுலயும் வீடியோ. கண்ணு எப்படி இமைக்குது, பல்லு பேச்சோட சேருதா, காதோரம் கலங்குதா, நடுவுல மூச்சு வாங்குதா. என்னையவே மொறச்சு மொறச்சுப் பாத்தா.

"என்னடி?"

"நீங்க நெசம்தான் பாட்டி. இவ்வளவு பேச எந்தக் கம்ப்யூட்டராலயும் முடியாது."

வாயாடி.

"இனிமே உங்கள யாராலயும் கொல்ல முடியாது பாட்டி," அப்படின்னா.

ரெண்டாவது பரீட்சை வந்துச்சு. மொதல்ல மேடம் ஸ்க்ரீனப் போட்டாங்க.

"இது?"

"பொய் மேடம். மூச்சு வாங்கல."

"இது?"

"பொய். கண்ணாடியில வெளிச்சம் மாறல."

"இது?"

"நெசம்."

எல்லாமே சரி. எனக்கே கை தட்டணும்போல இருந்துச்சு. போர்வைக்குள்ள கைய வச்சுக்கிட்டு எப்படித் தட்டுறது?

"நான் பாஸா மேடம்?"

"பாட்டியப் பாரு," மேடம் சொன்னாங்க. "முனகுறாங்க."

நான் அப்ப முனகவே இல்ல புனிதா. அவசரமா முனகினேன்.

மேடம் ஸ்க்ரீன அணைச்சாங்க. நடந்து வந்து என் கால்மாட்டுல நின்னாங்க. நேர்ல. ரத்தமும் சதையுமா.

"இலக்கியா, பாட்டிக்கு பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. கலக்க நேரமில்ல. நேரா நரம்புல போடு."

இலக்கியா உத்துப் பாத்தா. கண்ணு, பல்லு, காதோரம்.

"நேத்து எனக்கு டிபன்ல என்ன குடுத்தீங்க மேடம்?"

"கேழ்வரகு அடை. உப்பு ஜாஸ்தின்னு சொன்ன."

அதுலயும் திருப்தி இல்ல. மேடம் கையப் புடிச்சு நாடி பாத்தா. நல்லா கவனி, மேடம் நாடி. படுத்துக் கிடக்கிறவ நான்.

சிரிப்பு வந்துடுச்சு அவளுக்கு. "நீங்கதான் மேடம்! நெசம்!"

மருந்த உறிஞ்சினா.

போட்டா.

கூன்னு சத்தம்.

நான் வாயத் திறந்தேன். அவ சிரிச்ச வாயும் மூடல. அந்த ரூம்ல ரெண்டு பேரு வாயத் திறந்துக்கிட்டு இருந்தோம், செத்தவ ஒருத்தி, நிக்கிறவ ஒருத்தி.

"மேடம்... நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான்."

"நெசமாவே நீங்கதானே?"

"நெசமாவே நான்தான்."

"அப்புறம் ஏன் மேடம்?"

மேடம் என்னையக் காட்டினாங்க.

"பாட்டிகிட்டக் கேளு."

என் பக்கம் திரும்பினா. "பாட்டி"ன்னா. எனக்குத் தொண்டை வரைக்கும் பேச்சு வந்துச்சு. ஆனா கோடு படுத்துக் கிடக்குது, நான் எப்படிப் பேசுறது? பொறந்ததுலேருந்து கேட்ட கேள்விக்குப் பதில் பேசாம கிடந்தது அன்னிக்குத்தான்.

அவ கேட்டுக்கிட்டே நின்னா.

இந்தத் தடவ யாரும் சொல்லாம அவளே போர்வைய இழுத்து மூடினா.

ஃபெயில்.

அவங்கப்பா அவகிட்டப் பேசுறதையே நிறுத்திட்டாரு. கேன்டீன் பக்கம் படியில உக்காந்து அழுதா. நான் டீ வாங்கிக் குடுத்தேன். ஆறுதல் சொல்றேன்னு என் நாத்தனா மகன் வங்கிப் பரீட்சை எழுதின கதையில ஆரம்பிச்சு எங்கெங்கயோ போயிட்டேன். அவ காதுல விழல.

"பாட்டி, பொய்யையும் நம்பக் கூடாது, நெசத்தையும் நம்பக் கூடாதுன்னா, நான் யாரத்தான் நம்புறது?"

அந்தப் பக்கமா மேடம் வந்தாங்க. அவங்ககிட்டயும் அதையே கேட்டா.

மேடம் குனிஞ்சு அவ வலது கையப் புடிச்சாங்க. மடக்கி வச்சிருந்த விரல ஒவ்வொண்ணா விரிச்சாங்க. ஊசி போட்ட கை. அதையே பாத்தாங்க.

விட்டுட்டுப் போயிட்டாங்க.

அவ்வளவுதான். எனக்கு வந்துச்சு பாரு கோவம். ஒரு பொண்ணு அழுதுக்கிட்டிருக்கு, கை ஜோசியம் பாத்துட்டுப் போறாங்களேன்னு.

ஆனா இலக்கியா அழுகைய நிறுத்திட்டா. விரிச்ச கைய மடக்கவே இல்ல. டீ ஆறிப்போச்சு.

அப்புறம் ஜூனியர்களோட ஒரு வருஷம் உக்காந்தா. படிச்சு முடிச்சா. இங்க வேலைக்கு வந்தா. நான் காலத் தூக்கிக்கிட்டு வந்து சேந்தேன்...

இரு. சத்தம் கேக்குதா? வெளிய அவதான்.

"இல்ல சார், நீங்க சொன்னது நல்லாக் கேட்டுச்சு... நீங்கதான் சொன்னீங்க சார், அதுல சந்தேகமில்ல... கோவிச்சுக்காதீங்க. பாட்டிக்கு இப்ப வந்த கிட்னி ரிப்போர்ட் பாத்தீங்களா?"

கேளு புனிதா. சும்மா இரு. ஒண்ணும் தெரியாமத்தான் டாக்டர்கிட்டயே திருப்பிக் கேக்குதுன்னு நீ சொல்லாத. திட்டு விழுதுன்னு எனக்கும் கேக்குது.

"திட்டுங்க சார். ரிப்போர்ட்டப் பாத்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் போட மாட்டேன்."

அம்மாடி. பெரிய டாக்டருடி அவரு. இந்த ஆஸ்பத்திரியே அவரப் பாத்தா எந்திரிச்சு நிக்குது.



டாக்டரு ரிப்போர்ட்டப் பாக்குறாரு போல.

"...சரி சார். திருப்பிச் சொல்றேன். மொதல்ல சொன்னதுல பாதி. பாதிதானே சார்? இன்னொரு சிஸ்டர வச்சு அளவு பாத்துட்டுப் போடறேன்."

பாதியாம் புனிதா.

பாதி!

வாய மூடு, ஈ பூந்துடும்.

இலக்கியா! ஏய் இலக்கியா! அந்த ஊசிய எடுத்துக்கிட்டு உள்ள வாம்மா!