மன்னிப்புக்கு இரண்டு சொல்

அந்தக் காலத்தில் வாத்துகள் பேசும், அதுவும் கொஞ்சநஞ்சமாகவா! இங்கிலாந்தின் சதுப்பு நிலத்தில் இருந்த ஒரு மடத்தின் வெள்ளை வாத்துக்கு வாய் சற்று அதிகம். அந்த மடத்துத் துறவி ஆஸ்பர்ன் லத்தீன் செபங்களை மக்கள் மொழியில் எழுதிக்கொண்டிருந்தார். எழுத இறகு கொடுத்தது அந்த வாத்துதான்.

மக்கள் மொழி என்று பேர்தான். கடல் கடந்து வந்து நாட்டைப் பிடித்த பிரபுக்களின் பிரெஞ்சுச் சொற்களே முக்கியமான இடங்களில் எல்லாம் உட்கார்ந்திருந்தன. "ஊர்ச் சொல்லில் கடவுளைக் கூப்பிட்டால் சந்தை இரைச்சல்போல் இருக்கும்" என்பார் மடாதிபதி. எழுதியதற்கு மேல் ஒரு சொல்லைக்கூடச் சேர்த்துப் படிக்கக் கூடாது என்பதும் அவர் உத்தரவு. ஆஸ்பர்ன் பயந்த சுபாவம். தலையாட்டிவிட்டார்.

மடத்து வாத்துகளை மேய்த்துவந்த மில்ட்ரித் சாகக் கிடந்தாள். பஞ்ச வருஷத்தில் பசியோடு வந்த தங்கையை உள்ளே விடாமல் கதவைச் சாத்தியவள் அவள். தங்கை திரும்பி வரவே இல்லை. அந்தப் பாவத்தோடு போய்விடுவோமோ என்று மில்ட்ரித்துக்கு ஒரே நடுக்கம். ஆஸ்பர்ன் வந்து புத்தகத்தைத் திறந்து பாவமன்னிப்புச் செபத்தைப் படித்தார்.

"உன் பாவங்களுக்கெல்லாம் பார்டன் உண்டு."

"அப்படின்னா என்ன சாமி? எனக்கு நல்லதா, கெட்டதா?"

அவர் மறுபடி படித்தார். அதே சொல்.

"எனக்குக் கிடையாதுபோல" என்று மில்ட்ரித் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். பாவம், அழக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை.

வாசலில் நின்ற வாத்துக்குப் பொறுக்கவில்லை. "நம்ம பேச்சுல அதுக்கு ஒரு சொல் இருக்குல்ல? அதைச் சொல்லுங்களேன்!"

"எழுதாததைப் படிக்க எனக்கு அனுமதி இல்லை."

"அப்போ எழுதிட்டுப் படிங்க!" என்று வாத்து தன் சிறகிலிருந்து ஓர் இறகை வெடுக்கென்று பிடுங்கி அவர் மடியில் போட்டது.

ஆஸ்பர்ன் இறகைச் சீவி மையில் தோய்த்தார். வரியில் இடமில்லை. 'பார்டன்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் தலைக்கு மேல், பொடி எழுத்தில், 'ஃபர்கிவ்னஸ்' என்ற ஊர்ச் சொல்லை எழுதினார். பிறகு இரண்டையும் சேர்த்துப் படித்தார்.

மில்ட்ரித் திரும்பினாள். சின்ன வயதில் அவளும் தங்கையும் சண்டை போட்டுவிட்டுச் சமாதானமாகும்போது சொல்லிக்கொண்ட சொல் அது.

"கதவைச் சாத்தினதுக்குமா சாமி?"

"அதற்கும்தான் அம்மா."

அன்று மாலையே அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

ஆஸ்பர்னுக்குத்தான் நிம்மதி போயிற்று. அந்தச் சொல்லை அழிக்கலாம் என்று எழுத்தைச் சுரண்டும் கத்தியைப் பல தடவை எடுத்தார். அவள் முகம் நினைவுக்கு வர, வைத்துவிட்டார். அதற்குள் புத்தகம் பிரதி எடுக்கப் பக்கத்து மடத்துக்குப் போனது. அங்கே பிரதி எடுத்தவர் கண் மங்கிய கிழவர். விட்டுப்போன சொல்லைத்தான் மேலே எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து, அதை வரிக்குள் இறக்கி எழுதிவிட்டார். தவறுதான், ஆனால் எனக்கு அந்தக் கிழவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

பிரதி ஆஸ்பர்னின் மடத்துக்கே திரும்பி வந்தது. அதைப் படித்த மடாதிபதி புருவத்தை உயர்த்தினார். ஆஸ்பர்னுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"பார்டனும் ஃபர்கிவ்னஸும்... ம், நீளமாக, கம்பீரமாக இருக்கிறதே! மற்ற செபங்களையும் இப்படியே எழுது" என்றார் அவர். வெளியே வாத்து சிரித்த சிரிப்பில் குளமே கலங்கியது.

அன்று முதல்தான் அந்த நாட்டுச் செபங்களில் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் கைகோத்து வருகின்றன: முன்னது பிரபு கேட்க, பின்னது மில்ட்ரித் கேட்க.