தொடாதே என்று சொன்ன நீர்நாய்

கையில் முருங்கைக்கீரை. இன்னும் அரைக் கட்டு உருவ வேண்டும். கை வேலையாக இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். சும்மா உட்கார்ந்து சொல்லச் சொன்னால் வாயே திறக்காது. அதனால் கீரையை உருவிக்கொண்டே சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு காட்டாறு. கரையில் பெரிய மருத மரம். மரத்தின் வேருக்கு அடியில் ஒரு வளை. அந்த வளையில் செவந்தி என்ற நீர்நாய் தன் குட்டியோடு இருந்தது. குட்டிக்குப் பேர் பொடிசு. அப்பா நீர்நாய் மேலாற்றுப் பக்கம் மீன் தேடிப் போயிருந்தது. மழைக்காலம் முடிந்துதான் திரும்பும். அதனால் வீட்டு வேலை, ஆற்று வேலை, பிள்ளை எல்லாமே செவந்தி தலையில்தான்.

பொடிசுக்கு அப்போதுதான் பல் முளைத்து, நடை பழகியிருந்தது. அந்த வயசுப் பிள்ளை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா? கூழாங்கல்லைப் பார்த்தால் உருட்டும். சேற்றைப் பார்த்தால் அள்ளி மூஞ்சியில் பூசும். படுக்கப் போட்ட கோரைப்புல்லை இழுத்து இழுத்துக் கிழிக்கும்.

செவந்திக்கோ வளை துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும். யாராவது வந்து பார்த்து, "இதென்ன வீடா?" என்று கேட்டுவிட்டால் அதற்கு உயிரே போய்விடும்.

"தொடாதே!"

"அதைத் தொடாதேன்னு சொன்னேன்ல!"

"அய்யய்யோ, இதையும் தொட்டுட்டியா!"

விடிந்ததிலிருந்து இதே பேச்சுதான். மருத மரத்துக் கிளையில் இருந்த ஒரு காக்கா இதைத் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் காக்கா கீழே இறங்கி வந்தது. அதன் அலகில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. ஆற்றில் குளிக்க வந்த யாரோ பாறையில் மறந்து வைத்துவிட்டுப் போனது.

"என்ன தங்கச்சி, பிள்ளை ரொம்பப் படுத்துறானா?" என்றது காக்கா.

"ஏன் கேக்குறீங்க அண்ணே! நிம்மதியா ஆத்துல இறங்க முடியல. ஒரு மீனைப் பிடிச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள வீடு குப்பைமேடு ஆயிருது!"

"இந்தா, இதை அவன் முன்னால வை. இதை அவன் தொடவே வேண்டாம். பார்த்தாலே போதும்!"

கண்ணாடியை வளையின் வாசலில் சாய்த்து வைத்தார்கள். வெயில் பட்டு, வளைச் சுவரில் வெளிச்சம் ஆடியது. கண்ணாடிக்குள் இன்னொரு குட்டி தலையை ஆட்டியது. பொடிசு அப்படியே உட்கார்ந்துவிட்டது. திறந்த வாய் மூடவில்லை.

"இதுக்கு நான் என்ன அண்ணே தரணும்?"

"சேச்சே! சும்மா வச்சுக்கோ. அண்ணன்னு ஒருத்தன் வேற எதுக்கு இருக்கேன்?"

அன்றைக்குத்தான் செவந்தி நிதானமாக நீந்தியது. திரும்பி வந்து பார்த்தால் பொடிசு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. ஒரு கல் நகரவில்லை. ஒரு புல் கிழியவில்லை. செவந்திக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் முதல் மீனைப் பிடித்துப் பொடிசின் முன்னால் வைக்கும். "சாப்பிடு கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆற்றுக்குப் போகும். வந்து பார்த்தால் முள் மட்டும்தான் கிடக்கும்.

"எங்க பொடிசு முழு மீனையும் ஒரே ஆளாச் சாப்பிடுறான்க்கா! ஒரு அதட்டல் கிடையாது!" என்று பக்கத்து வீட்டு நீர்க்கோழியிடம் பெருமையாகச் சொன்னது.

நீர்க்கோழி கோரைப் புதருக்குள் குடியிருந்தது. அதற்கு ஏழு குஞ்சுகள். ஏழும் எந்நேரமும் சேற்றில்தான். அது பொடிசை எட்டிப் பார்த்தது.

"சாப்பிடுற பிள்ளை ஏன்டி இப்படி இளைச்சுக் கிடக்கு? வயிறு முதுகோட ஒட்டியிருக்கே!"

செவந்திக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. 'ஏழு பெத்தவளுக்கு என் ஒத்தப் பிள்ளை மேலயா கண்ணு? அதான் இளைக்கிறான்!'

ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கரைக்குப் போனது. நீர்க்கோழியின் காலடி மண்ணை ஒரு பிடி வழித்தது. பொடிசின் தலையை மூன்று சுற்றுச் சுற்றி ஆற்றில் போட்டது.

சாயங்காலம் நீர்க்கோழி வந்து நின்றது.

"என் காலடித் தடத்தை யாருடி தோண்டினது?"

செவந்தி தலையைக் குனிந்துகொண்டது.

"என் கண்ணா உன் பிள்ளையைத் தின்னுது? நல்லா இரும்மா, நல்லா இரு!"

அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

பொடிசு தேறியதா? இல்லை. இன்னும் மெலிந்தது. செவந்தி விடவில்லை. கொக்கின் காலடி மண்ணை எடுத்துச் சுற்றியது. ஆமையின் காலடி மண்ணையும் எடுத்தது. ஆமை பாவம்! 'இப்போதானே இந்த வழியா வந்தேன், என் தடம் எங்கே போச்சு?' என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

ஒரு நாள் மேற்கே மேகம் கறுத்தது. மழைக்குப் பயந்து செவந்தி பாதியிலேயே திரும்பியது. வளைக்குள் நுழைந்தால்... உள்ளே காக்கா!

காக்கா பொடிசுக்கு எதிரில் சாவகாசமாக உட்கார்ந்து மீனைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. பொடிசின் கன்னத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. காக்கா அதையும் ஒரு கொத்துக் கொத்தி எடுத்துக்கொண்டது. பொடிசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் கண் கண்ணாடியை விட்டு அசையவில்லை.

"அடப்பாவி! அண்ணன்னு நம்பினேனே! என் பிள்ளை சாப்பாட்டையா திருடித் தின்னே?"

காக்கா வாயைத் துடைத்துக்கொண்டது.

"கத்தாதே தங்கச்சி. இது எப்படித் திருட்டாகும்? அவன் கண்ணு முன்னாடி உட்கார்ந்துதான் சாப்பிடுறேன். ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னானா, நீயே கேளு!"

சிரித்துக்கொண்டே பறந்துவிட்டது.

செவந்தி கண்ணாடியைப் பிடுங்கி வேர் இடுக்கில் கவிழ்த்தது. பொடிசு வீறிட்டு அழுதது. "இந்தா கண்ணு, மீன், மீன்!" என்று ஒரு சின்ன மீனை அதன் கையில் கொடுத்தது. மீன் வழுக்கி விழுந்தது. எடுத்து மறுபடி கொடுத்தது. மறுபடியும் விழுந்தது. பொடிசின் விரல்கள் விரித்தது விரித்தபடியே இருந்தன. அவற்றுக்கு மடங்கவே மறந்துபோயிருந்தது. கண்ணாடி வந்த நாளிலிருந்து எதையாவது பிடித்திருந்தால்தானே நினைவிருக்கும்?

செவந்தி வெளியே எட்டி மேகத்தைப் பார்த்தது. மழை வந்தால் ஆறு கலங்கும். கலங்கிய ஆற்றில் கண் உதவாது. கையை விட்டுத் தடவித்தான் இரை பிடிக்க வேண்டும். கையில் கொடுத்த மீனையே பிடிக்கத் தெரியாத குட்டி எத்தனை நாள் பிழைக்கும்?

செவந்தி நேராகக் கோரைப் புதருக்குப் போனது. புதர் ஓரத்திலேயே நின்றது.

"என்ன, மண்ணு இன்னும் தேவைப்படுதா?" என்றது நீர்க்கோழி.

"தப்புதான்க்கா. மீனெல்லாம் காக்கா தின்னுருக்கு. ராத்திரி குடிக்கிற பாலைத் தவிர என் பிள்ளை பட்டினியாக் கிடந்திருக்கான், எனக்குத் தெரியல. இப்போ கையில குடுத்தாலும் அவனுக்குப் பிடிக்கத் தெரியலக்கா!"

சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதது. நீர்க்கோழி கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் கோபம் எங்கேயோ போய்விட்டது.

"என் காலடி மண்ணு வேணும்னா வாய்விட்டுக் கேக்கக் கூடாதா? வா, எவ்வளவு வேணுமோ அள்ளிக்கோ. ஆனா சுத்திப் போடாதே. பிள்ளை கையில குடு!"

வளை வாசலில் ஈர மண்ணைக் குவித்தார்கள். பொடிசு கையை நீட்டியது. உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"தொடலாமா?"

செவந்தி மண்ணை அதன் பக்கம் தள்ளியது. "தொடு கண்ணு. நல்லாத் தொடு!"

முதல் நாள் ஒரு விரல்தான் வைத்தது. மறுநாள் கண்ணாடியைக் கேட்டு அழுதது. அதற்கு மறுநாள் அழ ஆரம்பித்து, நடுவில் ஒரு மண் உருண்டை உருண்டு ஓடியதும், அழுகையை மறந்து அதன் பின்னால் ஓடியது.

வீட்டில் கிடந்ததை வைத்துத்தான் எல்லா விளையாட்டும். நத்தை ஓட்டில் தண்ணீர் மொண்டு இந்தக் குழியிலிருந்து அந்தக் குழிக்கு ஊற்றும். பாதி தன் வயிற்றில் கொட்டிக்கொள்ளும். உள்ளே பொந்து விழுந்த ஒரு கட்டைக்குள் கல்லைப் போடும். 'டொக்' என்று சத்தம் வந்தால் ஒரே சிரிப்பு! மூன்று தாமரை இலைகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் செவந்தி சிப்பியை ஒளித்து வைக்கும். பொடிசு மூன்றையும் கிழித்துக் கண்டுபிடிக்கும். கோரைப்புல்லைக் கிழிக்கிறாயா, கிழி! நீர்க்கோழியின் ஏழு குஞ்சுகளும் வந்து மண்ணை மிதித்துக் குழைத்துத் தந்தன.

செவந்தி பக்கத்திலேயே இருந்தது. வாய்க்குள் போகிற மாதிரி இருந்த சின்னக் கல்லை எல்லாம் பொறுக்கி எறிந்தது. ஆழம் இருக்கிற பக்கம் வாலைக் குறுக்கே போட்டுக்கொண்டது. அது ஆற்றுக்குப் போகும்போது நீர்க்கோழி பார்த்துக்கொள்ளும். நீர்க்கோழி போகும்போது எட்டுப் பிள்ளைகளையும் இது பார்த்துக்கொள்ளும். வளை மட்டும் வளையாகவே இல்லை. சுவரெல்லாம் சேறு.

ஒரு தடவை கொக்கு எட்டிப் பார்த்து, "இதென்ன வீடா?" என்று கேட்டே விட்டது.

"பிள்ளை இருக்கிற வீடு!" என்றது செவந்தி. சொல்லிவிட்டு, நாமா இப்படிப் பேசினோம் என்று அதற்கே வெட்கமாகப் போனது.

அப்புறம் மழை வந்தது. புது வெள்ளம் செக்கச்செவேல் என்று ஓடியது. இரண்டு நாள் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் செவந்தி ஒரே ஒரு கெண்டையைப் பிடித்து வந்து பொடிசின் முன்னால் வைத்தது. வளையின் பின்பக்கம் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டு, அதை அடைக்க ஓடியது.

காக்கா இதற்காகவே காத்திருந்தது. நனைந்த சிறகோடு உள்ளே வந்தது. வேர் இடுக்கிலிருந்து கண்ணாடியை உருவி நிமிர்த்தி வைத்தது.

"பாருடா தம்பி! உன் கூட்டாளி எத்தனை நாளாத் தேடுறான், பாரு!"

பொடிசு பார்த்தது. கண்ணாடிக்குள் இருந்த குட்டியும் பார்த்தது.

பின்பக்கத்திலிருந்து செவந்தி இதைக் கண்டது. கையை எடுத்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கத்தினாலும் வெள்ளத்து இரைச்சலில் கேட்காது. பொடிசு பார்த்துக்கொண்டே இருந்தது. காக்கா மெல்ல மீனின் வாலைக் கவ்வியது.

பொத்!

ஒரு மண் உருண்டை காக்காவின் மூக்கு மேலேயே வந்து விழுந்தது. அடுத்த நொடி பொடிசின் இரண்டு கைகளும் மீனின் தலையைப் பிடித்துக்கொண்டன.

"விடுடா!"

"மாட்டேன்! என்னோடது!"

"வழுக்கும்டா, விட்டுரு!"

"வழுக்கட்டும்! எனக்குப் பிடிக்கத் தெரியும்!"

காக்கா இழுத்தது. பொடிசு இழுத்தது. மீன் வழுக்கியது. ஆனால் பத்து விரலும் மடங்கி இறுகின. காக்கா மல்லாக்க விழுந்தது. வாயில் இரண்டு செதில்தான் மிச்சம்.

"சே! நல்லா இருந்த பிள்ளையைக் கெடுத்துட்டாங்களே!" என்று புலம்பிக்கொண்டே பறந்து போனது. அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

செவந்தி தண்ணீரை அடைத்துவிட்டு ஓடி வந்தது. சுவரில் செதில். படுக்கையில் முள். கண்ணாடி மேலே சேறு. நடுவில் பொடிசு உட்கார்ந்து தன் கையாலேயே மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டியது.

"இந்தாம்மா, நீயும் சாப்பிடு!"

மறுநாள் கலங்கல் தண்ணீர் ஓரத்தில் அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்து கையை விட்டுத் தடவின. பொடிசின் கையில் ஒரு நண்டு அகப்பட்டது. அது கடித்தும் பொடிசு விடவில்லை.

சின்னப் பிள்ளைக்குக் கண்ணுக்கு வேடிக்கை காட்டி உட்கார வைப்பதைவிட, கைக்கு ஏதாவது கொடுத்து அழுக்காக விடுவதுதான் அதைப் பிழைக்க வைக்கும். அதனால் வீட்டில் இருக்கிற கிண்ணத்தையும் தண்ணீரையும் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். கொட்டினால் கொட்டட்டும், துடைத்துக்கொள்ளலாம், அதட்டாமல் நாமும் சேர்ந்து...

"அம்மா! ஓடி வாம்மா, மாவு எல்லாம் கொட்டிருச்சு!"

இதோ வர்றேன்டி தங்கம், அப்படியே இரு, நானும் வந்து கையை வைக்கிறேன்!