பகல் டூட்டி பார்த்த தூக்கம்

திருப்பூருக்கு வெளியே, பனியன் கம்பெனிகள் முடிந்து புது வீடுகள் முளைக்கிற ஒரு தெருவில், முன்பு ஒரு தூக்கம் இருந்தது. மற்ற வீட்டுத் தூக்கங்களெல்லாம் ராத்திரி வந்து விடியும்போது கிளம்பிவிடும். இதற்கு மட்டும் பகல் டூட்டி. ஏனென்றால் இது கவனித்துக்கொண்ட ஆள் சிங்காரவேலு, திருநெல்வேலிக்கு ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். ஒரு ராத்திரி போவார், மறு ராத்திரி திரும்புவார். வீட்டில் இருக்கிற பகலில் படுத்தால்தான் உண்டு.

"என்னப்பா, வெயில்ல வேலைக்குப் போறியா? கருத்துப் போயிடுவே" என்று மற்ற தூக்கங்கள் கிண்டல் செய்யும். நம் தூக்கம் கண்டுகொள்ளாது. குளித்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாயும் மனிதரின் இமைமேல் போய் உட்காரும். அவருக்கும் அதற்கும் நல்ல ஒட்டுதல்.

அப்படி இருக்கையில்தான் பக்கத்து மனையில் மாடி வீடு கட்ட ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தது மிக்சர். வாடகை மெஷின், உள்ளூர்க்காரி. வயிறு நிறைய ஜல்லியைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சுடலைமுத்து மேஸ்திரியின் சாக்குமூட்டையிலிருந்து டிரில்லிங் மெஷின் இறங்கினான். அவன் பின்னாலேயே டைல்ஸ் அறுக்கிற கட்டிங் மெஷின். அவன் வாயைத் திறந்தால் தெருநாய் தெருவை விட்டே போய்விடும்.

தூக்கம் ஜன்னல் வழியாகக் காலை வைக்கும். "கீய்ய்ய்ங்" என்பான் கட்டிங் மெஷின். தூக்கம் துள்ளிப்போய் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்துகொள்ளும்.

சிங்காரவேலுவின் மனைவி தேவகி பார்க்காத வைத்தியம் இல்லை. காதில் பஞ்சு வைத்தாள். ஜன்னலில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டாள். அவர் தலைமேல் தலையணையை வைத்து அமுக்கினாள்.

"ஏனுங்க, இப்பக் கேக்குதுங்களா?"

"சத்தம் கேக்குலே. மூச்சுத்தான் வர மாட்டீங்குது."

கடைசியில் அவர் எழுந்துபோய், காம்பவுண்டுச் சுவர்மேல் தாடையை வைத்துக்கொண்டு, சிவந்த கண்ணால் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் இன்னும் தூக்கம் கெடும் என்று நினைத்தார்.

மேஸ்திரி அந்தப் பார்வையை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "கொள்ளிக்கண்ணுலே அது. கட்டடத்தையே முழுங்குற மாதிரி பாக்கான்" என்று சொல்லி, மறுநாளே ஒரு திருஷ்டி பொம்மையை வாங்கிவந்து, சிங்காரவேலு படுக்கும் அறையைப் பார்த்தாற்போலக் கட்டினார். முட்டைக் கண், முறுக்கு மீசை, வெளியே தொங்கும் நாக்கு.

அது பொறாமைக் கண் இல்லை, தூங்காத கண் என்று தூக்கம் பொம்மையிடம் போய்ப் புலம்பியது.

"எனக்குத் தெரியாதா?" என்றது பொம்மை. "பொறாமைக் கண்ணு அகலத் தொறந்திருக்கும். இவருக்குப் பாதிதான் தொறந்திருக்கு. மேஸ்திரிகிட்டே சொல்லலாம்னா, நாக்கை வெளியே நீட்டியே என்னைச் செஞ்சுபுட்டாங்க. பேச்சு குழறுது. நீயே போய்க் கேளு."

அன்று சனிக்கிழமை. ராத்திரி சிங்காரவேலு வண்டி எடுக்க வேண்டும். தூக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் போனது.

"யாருல அது?" என்றான் டிரில்லிங் மெஷின்.

"பக்கத்து வீட்டுத் தூக்கம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தீங்கன்னா நான் என் வேலையை முடிச்சுடுவேன்."

"பட்டப்பகல்ல தூக்கமா?" கட்டிங் மெஷின் சிரித்ததில் ஒரு டைல்ஸ் கோணலாகப் போனது. "நாங்க என்ன கச்சேரியா நடத்துதோம்? வேலை பாக்கோம் வே. பகல்ல படுக்கிறவனுக்காக வேலையை நிறுத்த முடியுமா?"

"அவரும் வேலை பார்க்கிறவர்தான்" என்றது தூக்கம். "நான் சண்டைக்கு வரலை. என் சுபாவத்தைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ஒருத்தரை நான் வீட்டிலே பார்க்க முடியலைன்னா, அவர் போற இடத்திலே போய்ப் பார்ப்பேன். எனக்கே அது பிடிக்காது. ஆனா என்னால நிற்க முடியாது. இன்னைக்கு ராத்திரி அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு இருப்பார். நான் போய்த் தோளைத் தொடுவேன்."

"எந்த வண்டி?" என்றான் டிரில்லிங் மெஷின்.

"திருநெல்வேலி வண்டி."

டிரில்லிங் மெஷின் சுவரில் பாதி ஓட்டையில் நின்றுவிட்டான். கட்டிங் மெஷினைத் திரும்பிப் பார்த்தான். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் மேஸ்திரி இருவரையும் சாக்கில் கட்டி, அந்த வண்டியின் டிக்கியில் போட்டுக்கொண்டுதான் ஊருக்குப் போவார்.

"எல, நாம போற வண்டில்லா அது!"

கட்டிங் மெஷினின் பிளேடு ஒரு சுற்று சுற்றி அடங்கியது. டிரில்லிங் மெஷின் கரிந்த வாடையை விட்டுக்கொண்டு மயங்கியவன்போல் கிடந்தான்.

மிக்சர் மட்டும் உருட்டிக்கொண்டே இருந்தாள். "அவனுக போறானுக. நா எதுக்கு நிறுத்தோணும்? நா இந்த ஊர்க்காரியாக்கும். பஸ்ஸுல ஏறுறதே இல்லே."

"வேலை முடிஞ்சு எப்படிப் போவீங்க?"

"எப்படிப் போறது? ராத்திரிக்கு டிராக்டர் வரும். பின்னால கொக்கியில மாட்டி இழுத்துட்டுப் போவாங்க."

"எந்த ரோட்டுல?"

மிக்சர் இன்னும் ரெண்டு சுற்று சுற்றினாள். கலவை வயிற்றிலேயே இறுகிவிடக் கூடாதே என்று மொத்தத்தையும் வெளியே கொட்டினாள். பிறகு பெருமூச்சுவிட்டு நின்றாள்.

மூன்று மெஷினும் ஒன்றாகப் படுத்ததும் மேஸ்திரி சுவிட்சைத் தட்டினார், வயரை உலுக்கினார், மெயினைப் பார்த்தார். கரண்ட் இருந்தது. நிமிர்ந்தால், சுவர்மேல் அந்தச் சிவந்த கண்கள். சத்தம் ஏன் நின்றது என்று பார்க்க எழுந்துவந்த சிங்காரவேலு அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன வே!" மேஸ்திரி பூச்சுக் கரண்டியோடு பாய்ந்தார். "பாத்தே எல்லாத்தையும் நிப்பாட்டிட்டீரே! பொம்மை கட்டியும் அடங்கலியா உம்ம கண்ணு?"

"நானுங்களா?" சிங்காரவேலுவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "மேஸ்திரி, உங்க கட்டடம் எனக்கெதுக்குங்க? இந்தக் கண்ணு தூங்காத கண்ணு. இதை வெச்சுட்டு ராத்திரி திருநெல்வேலி வண்டி எடுக்கோணும். நாப்பது பேரு என்னை நம்பி வண்டியில தூங்குவாங்க."

மேஸ்திரியின் கரண்டி தானாகக் கீழே இறங்கியது. "நம்ம வண்டியா? ஓட்டுறது நீங்களா அண்ணாச்சி?"

"நானேதானுங்க."

"ஐயையோ, அண்ணாச்சி! இங்க ஏன் நிக்கீங்க? போய்ப் படுங்க, முதல்ல போய்ப் படுங்க!"

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் நடந்ததை யாரும் நம்ப மாட்டார்கள். சட்டியைத் தரையில் வைத்த ஆளை மேஸ்திரி முறைத்தார். இருமியவனை முதுகில் ஒரு போடு போட்டார். "மண்வெட்டியைப் பூப்போல வைலே. அண்ணாச்சி தூங்கணும்." கைப்பிடிச்சுவரில் வந்து உட்கார்ந்த காக்காயை, வாயைத் திறக்குமுன், துண்டால் விரட்டினார்.

வீட்டுக்குள் தேவகி ஈரப் போர்வையை எடுத்தாள். "ஏனுங்க, அமைதியாயிருச்சு. கண்ணை மூடுங்க."

தூக்கம் வாசற்படியில் காலைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தது. வெகுநாளைக்குப் பிறகு அந்த இமைகளின்மேல் உட்கார்ந்தது. சிங்காரவேலு குழந்தைபோல வாய் பிளந்தார்.

மேஸ்திரி ஊருக்குக் கட்டிவைத்த சாக்குக்குள்ளிருந்து கட்டிங் மெஷின் கிசுகிசுத்தான்.

"ஏ தூக்கம், ஒரு சந்தேகம். இவரு திங்கக்கிழமையும் பகல்ல படுத்து ராத்திரி வண்டி எடுப்பாருல்லா? அன்னைக்கு நாங்க வண்டியில இல்லியே. சத்தம் போடலாமா?"

தூக்கம் இமையை விட்டு எழாமலே சொன்னது:

"அன்னைக்கு வேற யாரோ இருப்பாங்க."