சலிக்காத குரல்

அந்த இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர்களில் தவசிங்தான் மூத்தவர். சொல்லித்தந்த பெர்சிஸ் அம்மையாரே அவரைவிட இளையவர்தான். ரயில்வே கார்டாக ஓய்வு பெற்று, வேதத்தை மூலமொழியில் வாசித்தே தீருவேன் என்று வந்து சேர்ந்த மனுஷர்.

அன்று வினைச்சொல்லை ஒப்பிக்க எழுந்தார். "லூவோ, லூவெய்ஸ், லூவெய்..." அதோடு சரி. கை தானாகச் சட்டைப்பையில் இருந்த போனைத் தடவியது.

வகுப்பு முடிந்ததும் அம்மையாரிடம் போனார்.

"போன்ல ஒரு ஆப் வெச்சிருக்கேன் மேடம். அதுல தட்டினா எல்லாம் சரியா வருது. வாயைத் திறந்தா வரமாட்டேங்குது. ஏன்?"

"அதுக்கு முன்னாடி யார்கிட்ட ஒப்பிச்சீங்க, அண்ணாச்சி?"

"வீட்டுக்காரி லில்லிபாய்கிட்ட. தமிழ் எழுத்துல எழுதிக் கொடுத்திருவேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால தாளைப் பிடிச்சிக்கிட்டுக் கேப்பா."

"ஏன் விட்டீங்க?"

"அவ கேக்குறது பாசஞ்சர் வண்டி மாதிரி மேடம். நடுவுல குழம்பைக் கிண்டப் போவா. வந்து, எந்த வரின்னு தேடுவா. 'நீ போ, போனே கேட்டுக்கும்'னு சொல்லிட்டேன்."

"இன்னைக்கு அவங்களையே கேக்கச் சொல்லுங்க."

மறுநாள் தவசிங் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"மாட்டேன்னுட்டா. கோபம்கூட இல்ல. 'அதான் போன் கேக்குதே'ன்னா. சோத்தை வெச்சிட்டு டிவி முன்னால போய் உக்காந்துட்டா. இப்பல்லாம் எங்க வீட்ல டிவிதான் பேசுது மேடம்."

அம்மையார் போனை வாங்கினார். அந்த ஆப்பில் வேண்டுமென்றே தப்பான விடையைத் தட்டினார். திரை சிவந்தது. மறுபடியும் தட்டினார். சிவப்பு.

"பரவாயில்லை. மீண்டும் முயலுங்கள்" என்றது போன், வண்டி தாமதமாக வரும் என்று பிளாட்பாரத்தில் அறிவிக்கிற அதே இனிமையோடு.

"இதுக்குச் சலிக்காதா?"

"சலிக்காது. விடிய விடியக் கேக்கும்."

"லில்லிபாய்?"

"அவளா? ரெண்டாவது தப்புக்கே தாளைத் தூக்கி எறிஞ்சிருவா. 'உங்களை நம்பி ரயிலை எப்படித்தான் அனுப்புனாங்களோ'ம்பா."

தவசிங் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"எறிஞ்சிட்டு?"

"எடுத்து வந்து, திரும்பக் கேப்பா."

அம்மையார் போனை அவர் கையில் வைத்தார்.

"அவங்க சலிச்சுக்கிட்டது கிரேக்கத்தால, அண்ணாச்சி. திரும்பக் கேட்டது எதனால?"

தவசிங் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு தாளை எடுத்துத் தமிழ் எழுத்தில் 'லூவோ' என்று எழுத ஆரம்பித்தார்.