தாளாளர் முன்னால் இரண்டு பாட்டில்

தாளாளர் வைரப்பெருமாளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அட்மிஷனுக்குப் பெற்றோர் வரும் நாள். வராந்தாவில் அங்குமிங்கும் பாய்ந்தவர், கழிவறை வாசலில் ஆயா செல்லத்தங்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இது ஸ்கூலா, சுடுகாடா? எங்கே பார்த்தாலும் மண்டையோடு!"

கழிவறை கழுவ, சைக்கிளில் விற்க வருபவரிடம் வாங்கும் ஆசிட்டை, ஊரே செய்வதுபோல, அந்தப் பள்ளியும் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில்தான் வைத்திருந்தது. அவற்றில் மண்டையோடு வரைந்து ஒட்டியவள் செல்லத்தங்கம்.

"எல்லாத்தையும் கிழிச்சுப் போடு. ஆனா ஒரு பிள்ளை தொட்டுச்சுன்னா உன் வேலை போயிடும்."

"கிழிச்சுட்டா பிள்ளைங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

"பார்த்தாலே தெரியாதா? போ!"

கிழித்தாள். ஆசிட்டை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினாள்.

ஹால் நிறைந்தது. பேசிப் பேசித் தொண்டை வறண்ட தாளாளர் தண்ணீர் கேட்டார். செல்லத்தங்கம் ஒரே மாதிரி இரண்டு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். தாளாளர் நீட்டிய கை அப்படியே நின்றது.

"இதுல தண்ணி எது, ஆசிட் எது?"

"பார்த்தாலே தெரியாதாங்கய்யா?"

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "எதுன்னு சொல்லித் தொலை!"

"நீங்க என்னைக் கேட்டுட்டீங்க. தாகத்துல ஓடிவர்ற யூகேஜி பிள்ளை யாரைக் கேட்கும்?"

சொல்லிவிட்டு இரண்டு பாட்டிலிலிருந்தும் மடமடவென்று குடித்தாள். இரண்டும் தண்ணீர்தான்.

முன்வரிசையில் ஒரு தாய் எழுந்தாள். "சார், ஆசிட்டை எங்கே வச்சிருக்கீங்க? முதல்ல அதைக் காட்டுங்க. அப்புறம் அட்மிஷன் பேசலாம்."

தாளாளர் செல்லத்தங்கத்தின் பக்கம் குனிந்தார். "அந்த மண்டையோடெல்லாம் இருக்கா?"

"குப்பையில போட்டாச்சுங்கய்யா. பேனா தர்றேன், நீங்களே வரைஞ்சிடுங்க."