ராஜா வாய் மூடும் நேரம்

ஒரு காலத்திலே கொன்றையூர்ச் சீமையை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் அவருக்கு ஒரு வியாதி. யாரையும் ஒரு பேச்சை முழுசாகப் பேச விடமாட்டார். "மகாராஜா, இந்த வருஷம் மழை..." என்று ஒருத்தன் ஆரம்பித்தால், "மழை கொட்டுகிறதா? பேஷ், பேஷ்! அடுத்த ஆளைக் கூப்பிடு!" என்பார். மழை பெய்யவில்லை என்று அழ வந்தவன் வாயைப் பிளந்தபடி திரும்பிப் போவான்.

அந்த வாய் மூடுகிற நேரம் ஒன்றே ஒன்றுதான். காலையில் நாவிதன் சடையாண்டி சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டி ராஜாவின் தொண்டையில் வைக்கிற நேரம். (பேரைப் பாருங்கள், ஊர் முடியெல்லாம் மழிக்கிறவனுக்குச் சடையாண்டி!) கழுத்தில் கத்தி இருக்கும்போது எந்த ராஜா பேசுவார்? அந்தச் சமயம் பார்த்து, "மகாராஜா, கீழத்தெருக் கிணறு தூர்ந்துபோச்சுங்க. பொம்பளைங்க ஆத்துக்கு நடக்குறாங்க" என்று நிதானமாகச் சொல்லுவான் சடையாண்டி. கடைசியில் படிகாரக் கல்லை நனைத்து முகத்தில் தேய்ப்பான். ராஜா 'ஸ்ஸ்' என்று துடைத்துக்கொண்டு, "கிணற்றைத் தூர் வாருங்கள்!" என்று உத்தரவு போட்டுவிடுவார். ஊர்க் குறையெல்லாம் அவன் வழியாகத்தான் அரண்மனைக்குள் போனது.

தளபதி உக்கிரசேனருக்கு வயிறு எரிந்தது. மருமகனுக்கு ஒரு கோட்டை கேட்கலாமென்று அவரும் நடையாய் நடக்கிறார், பாதிப் பேச்சிலேயே ராஜா வெட்டிவிடுகிறார். "சிரைக்கிறவன் பேச்சு ஏறுகிறது, என் பேச்சு ஏறவில்லையா?" என்று பொருமினார். யோசித்து, யாராலும் குறுக்கே வெட்ட முடியாதபடி ஒற்றைச் சொல்லோடு ஒருநாள் சபைக்கு வந்தார்.

"விஷம்!"

ராஜா திடுக்கிட்டார். "எங்கே?"

"படிகாரம்! எரிகிறதா இல்லையா?"

"அட, ஆமாம், எரிகிறதே!"

"நானே வாளை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். அவன் கத்தி மட்டும் உங்கள் கழுத்தில்!"

அவ்வளவுதான், ராஜா குதித்தார். "இனி படிகாரம் கூடாது! என் ரத்தத்தை எவன் கை வரவழைக்கிறதோ, அந்தக் கையை வெட்டு!" தண்டோரா போட்டாகிவிட்டது. தளபதிக்கு உள்ளூரக் கும்மாளம். பயத்தில் நாவிதன் கை நடுங்கும், வெட்டிவிடுவான், தொலைந்தான்.

சடையாண்டி இரவெல்லாம் யோசித்தான். கை போனால் அவனுக்குச் சோறு ஏது? மறுநாள் காலை சபை நடுவில் வந்து கும்பிட்டான். "மகாராஜா, இவ்வளவு ஆபத்தான வேலையை என்கிட்ட விடலாமா? உங்க மேல உயிரையே வெச்சிருக்கிறவர் நம்ம தளபதி. வாள் பிடிச்ச கை, நடுங்கவே நடுங்காது."

தளபதி பதறிப்போய், "மகாராஜா, நான் வந்து..." என்றார்.

"நீயே வந்து செய்கிறாயா? பலே! இதோ உட்கார்ந்துவிட்டேன்!"

சடையாண்டி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தளபதி கத்தியைத் தொண்டையில் வைத்தார். ராஜா கப்சிப். ஐயோ பாவம், இத்தனை வருஷம் ஏங்கிய நேரம் கையில் கிடைத்தும் மனுஷருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வேர்த்து ஊற்றியது. பாதி முகம் தாண்டவில்லை, கத்தி வழுக்கித் தாடைக்குக் கீழே கீறிவிட்டது. ரத்தம் கோடாக இறங்கி வெள்ளைத் துணியில் விழுந்தது.

"வெட்டிவிட்டாயா!" என்று ராஜா அலறினார்.

சடையாண்டி மடியிலிருந்து படிகாரக் கல்லை எடுத்து நனைத்தான். "தளபதி ஐயா, ரத்தம் நிக்கணும். இது விஷமா, மருந்தா? விஷம்னா உள்ளேயே வெச்சுக்கிறேன்."

"மருந்து! என் தாய்மேல் ஆணையாக மருந்து! சீக்கிரம் வையப்பா!"

வைத்து அழுத்தினான். ரத்தம் நின்றது. ராஜாவின் கோபம் நிற்கவில்லை. "பொய்யா சொன்னாய்? நீட்டு கையை!" தளபதி அழுதுகொண்டே கையை நீட்டினார். வாளோடு காவலாளியும் வந்துவிட்டான்.

"மகாராஜா, பாதி முகம் பாக்கி இருக்குங்களே" என்றான் சடையாண்டி. ராஜா தடவிப் பார்த்து, வெட்கப்பட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை சடையாண்டியின் கையால் கத்தி தொண்டையில் ஏறியது. வாய் மூடியது.

"கை போயிடும்னு பயந்தா எந்தக் கையும் நடுங்கும், மகாராஜா. நடுங்கின கைதான் வெட்டும். இன்னைக்கு உங்களைக் கீறினது தளபதி இல்லீங்க, நேத்து நீங்க போட்ட சட்டம். இவர் கையை எடுத்தா, நாளைக்கு என் கையும் நடுங்கும். அப்புறம் உங்க இஷ்டம்."

ஒரு மயிரிழைகூடக் கீறாமல் மழித்து முடித்தான். ராஜா முகத்தைத் துடைத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக, கத்தி எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"சட்டம் ரத்து. சடையாண்டி, பொன் கைப்பிடி போட்ட கத்தி உனக்கு. தளபதி, நாளையிலிருந்து காலையில் நீ வாளைக் கட்டவேண்டாம், கிண்ணத்தைப் பிடி. சவரம் நடக்கும்போது குறை உள்ளவர்களை வரிசையில் விடுங்கள்."

"மகாராஜா, என் மருமகன்..." என்றார் தளபதி.

"வரிசையில் வா!"

அதற்கப்புறம் கொன்றையூர் ஜனங்கள் கோயிலுக்குப் போனால், முதலில் மழை கேட்பார்களாம். அடுத்தபடியாக, ராஜாவுக்குத் தாடி மளமளவென்று வளரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருவார்களாம்.